காய்ச்சல்காரனுக்கு ஒரு டம்ளர்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். மதுரை பொன்மேனியில் தெரிந்தவர் வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு பைபாஸ் ரோட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். குறுக்குத் தெரு ஒன்றில் கரண்ட் இல்லை. அந்த இருட்டுக்குள்ளிருந்து மிளகும் சீரகமும் பூண்டும் சேர்ந்து நசுங்குகிற வாசனை வந்தது. மிக்ஸியில் அரைபடும் வாசனை வேறு. இது உரலில் இடிபடுகிறது என்று மூக்குக்கே தெரிந்துவிடும். கூடவே எலும்பு வெந்த மணம். யார் வீட்டிலோ யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

எனக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆரப்பாளையத்தில் ஒரு வளவில் எட்டுக் குடித்தனங்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். மில் சங்கு ஊதினால் ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சட்டையை மாட்டுகிற வளவு அது. கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் சம்பளம் வந்த வாரம் என்றால். வாரநாளில் எந்த வீட்டிலாவது எலும்பு வேகிற வாசனை வந்தால், ஏழு வீட்டுப் பெண்களும் அந்த வாசலுக்கு வந்து, "யாருக்கு மதினி காய்ச்சல்?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

நெல்பேட்டைக்குப் போய் நெஞ்செலும்பு மட்டும் தனியாகக் கேட்டு வாங்கி வருவார் அப்பா. அம்மா அதை மண்சட்டியில் போட்டு, மரத்தூள் அடுப்பில் ஏற்றிவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். மரத்தூளை இறுகக் கெட்டித்து வைத்தால் அந்த அடுப்பு மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். ஆள் நிற்க வேண்டாம். சின்ன வெங்காயம், ஒரு தக்காளி, மஞ்சள், கொத்தமல்லி விதை, கடைசியில் நுணுக்கிய மிளகு சீரகம். அவ்வளவுதான். கறிமசாலா, பட்டை, கிராம்பு எதுவும் சேராது. "சீக்காளிக்கு எதுக்கு மசாலா?" என்பாள். வடித்த சாறு ஒரு பெரிய டம்ளர் வரும். அது படுத்துக் கிடப்பவருக்கு. கதவை ஒருச்சாய்த்து வைத்துவிட்டுத்தான் கொடுப்பாள், கண்ணுப் படும் என்று. சட்டியில் மிஞ்சிய எலும்பு மற்ற பிள்ளைகளுக்கு. நாங்கள் அதை உறிஞ்சுகிற சத்தம் உள்ளே படுத்திருப்பவருக்கு நன்றாகக் கேட்கும்.

என் அண்ணன் அந்த டம்ளருக்காகக் காய்ச்சலையே வரவழைத்தவன். அக்குளில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு படுத்தால் உடம்பு சுடும் என்று பள்ளிக்கூடத்தில் எவனோ சொல்லிக் கொடுத்திருக்கிறான். உடம்பு சுட்டதோ இல்லையோ, வீடெல்லாம் வெங்காயம் நாறியது. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை நாள் என்றும் அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் காசு கொடுத்து எலும்பு வாங்கி வரச் சொன்னாள். சாறு வைத்தாள். அவன் குடித்து முடித்த பிறகுதான் விளக்குமாற்றை எடுத்தாள். வைத்தியமும் தண்டனையும் ஒரே சாயங்காலத்தில் முடிந்தன.

எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் பெரிதாக இறங்குவதில்லை என்று பின்னாளில் படித்தேன். ஜவ்விலிருந்து இறங்குகிற பசைதான் ஆறினால் பாகாய்க் கட்டிப்போகிறதாம். இருக்கட்டும். நாங்கள் எழுந்து உட்கார்ந்தது பசையாலா, மிளகாலா, அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாலா என்று இனிமேல் ஆராய்ந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார். இப்போது அரசு ராஜாஜி மருத்துவமனை. எங்கள் அப்பத்தா கடைசிவரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொன்னாள். டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்ன நாளிலிருந்து அம்மா பித்தளைத் தூக்குவாளியில் சாறும், கிண்ணத்தில் குழைந்த சோறுமாக யானைக்கல் வந்து ஏ.வி. பாலத்தில் ஏறி அக்கரைக்கு நடப்பாள். 1889-இல் திறந்த பாலம் அது. பஸ்ஸும் மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவுமாக நெரிசல். தூக்குவாளியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓரமாகவே போவாள். நான் பின்னாலேயே ஓடுவேன். வைகையில் அன்றைக்கும் தண்ணீர் இருந்ததாக நினைவில்லை.

வார்டில் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். கூட யாரும் இல்லை. ஊரில் அறுவடை, முடிந்ததும் வருவார்கள் என்றார். அம்மா அப்பாவுக்கு ஊற்றிவிட்டு, தூக்குவாளி மூடியில் பாதியை ஊற்றி அவருக்குக் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "காசு குடுத்தா வாங்கினேன்? குடிங்கண்ணே" என்றாள். மறுநாளிலிருந்து சாறு கொஞ்சம் தண்ணியாக இருந்தது. அப்பா அதைக் கேட்கவும் இல்லை, அம்மா சொல்லவும் இல்லை.

இப்படி வளர்ந்த எனக்கு, சாறு விலைக்கு விற்கிற பொருள் என்பதே நெடுநாள் பிடிபடவில்லை. ஆட்டுக்கால் சூப் வண்டிகள் மதுரையில் ரொம்ப நாளாகவே உண்டு. அவற்றைச் சுற்றி நிற்கிற ஆண்கள் கூட்டத்துக்குள் நாங்கள் போனதில்லை. இப்போது காலையில் ரேஸ்கோர்ஸ் பக்கம் நடக்கப் போனால், முடக்கத்தான் சூப், வாழைத்தண்டு சூப், அருகம்புல் சாறு எல்லாம் பிளாஸ்கில் நிற்கின்றன. ஆரோக்கியமாக நடக்கிறவர்கள் வரிசையில் நின்று குடிக்கிறார்கள். காய்ச்சல்காரன் டம்ளர் காய்ச்சல் இல்லாதவர்கள் கைக்குப் போனதை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கரண்ட் போன தெருவில் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனேன். வீடுதான். கார் நிறுத்துகிற போர்டிகோவில் நாலு மேஜை, ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியில் பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, பூண்டுத் தொக்கு, மோர்மிளகாய், வெங்காய வடகம். எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் ஒரு சின்னக் கரும்பலகை. "இன்று: நெஞ்செலும்பு சூப், முருங்கைக்கீரை சூப், கொள்ளு ரசம், கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, ரசஞ்சாதம், இடியாப்பம், தேங்காய்ப்பால்." கடை திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றார்கள். வாழைக்கன்று கட்டிய கயிறு இன்னும் தூணில் இருந்தது.

"உள்ள வாங்கம்மா, மழையில நிக்காதீங்க" என்று கூப்பிட்டது கல்லாவில் இருந்த மருமகள். உரலில் இடித்துக்கொண்டிருந்தது மாமியார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தது மகன். நெஞ்செலும்பு சூப் எவர்சில்வர் டம்ளரில் வந்தது, 50 ரூபாய். மேலே மல்லித்தழை, கொஞ்சம் மிளகுத்தூள். சோளமாவு கரைத்து ஊற்றிக் கொழகொழவென்று ஆக்கும் கெட்ட பழக்கம் ஓட்டல்களில் இருக்கிறது. இங்கே அது இல்லை. ஒரு மடக்கு உள்ளே போனதும் தொண்டையில் மிளகு நின்றது. முருங்கைக்கீரை சூப்பும் நன்றாகவே இருந்தது. அடுத்த முறை போனபோது குடித்த வாழைத்தண்டு சூப் சுகமில்லை. நார் எடுக்கவில்லை. சொன்னேன். "நார் எடுத்தது எம் மகன், அவனைக் கேளு தாயி" என்றாள் கிழவி.

களி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவளுடைய ஊர் பேரையூர்ப் பக்கம் என்று தெரிந்தது. அந்தக் களியை மேலூர்க்காரி ஒருத்தியால் கிண்டியிருக்க முடியாது. மதுரைச் சீமையைச் சுற்றியுள்ள சாப்பாட்டை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரித்துவைத்திருந்தது. 1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்த பிறகு மேலூர், சோழவந்தான் பக்கமெல்லாம் நெல்லுச்சோறு. வாய்க்கால் எட்டாத உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் மானாவாரிக் காடு. அங்கே குதிரைவாலி, கம்பு, கேப்பை, சோளம். என் அம்மாச்சி உசிலம்பட்டிக்காரி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்டவள். பேத்தியைத் தண்ணி பாயுற ஊரில்தான் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தப்பித்து ஓட நினைத்த குதிரைவாலியை இன்றைக்கு மாட்டுத்தாவணிப் பக்கத்துப் பெரிய கடைகளில் அரிசியைவிட அதிக விலை கொடுத்து வாங்குகிறோம், சர்க்கரைக்கு நல்லது என்று. அவளிடம் சொன்னால் சிரித்தே செத்திருப்பாள்.

களிக்குக் கருவாட்டுக் குழம்பு. வெஞ்சனம் தனியாக வேண்டுமா என்று கேட்டாள் மருமகள். தொட்டுக்கொள்ளும் கறிக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. கேட்டே ரொம்ப நாளாயிருந்தது.

மதுரையில் குடும்பமாக நடத்துகிற மெஸ் ஒன்றும் புதிதில்லை. சிம்மக்கல் கோனார் மெஸ் கறிதோசைக்கு வெளியூர்க்காரர்கள் வழிகேட்டு வருகிறார்கள். குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று தல்லாகுளம் பக்கம் போனால் மத்தியானம் இடம் கிடைப்பது கஷ்டம். பெயர்களைப் பார்த்தாலே தெரியும், பலகையில் ஏறியதெல்லாம் ஆண்கள். அம்மா மெஸ் என்று ஒன்றாவது இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்.

எங்கள் வளவுக்கு எதிரேயும் ஒரு மெஸ் இருந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வந்த கல்யாணமாகாத பையன்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். மாசக் கணக்கு. கணவர் வெள்ளை வேட்டியோடு கல்லாவில். அவர் தலைக்கு மேலே "கடன் அன்பை முறிக்கும்" என்று பலகை. பலகைக்குக் கீழே கடன் எழுதுகிற நோட்டு. சமையல் முழுவதும் அந்த அக்கா. சுவரில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகத் தட்டு வரும், கை போகும். அந்த அக்காவின் முகம் எனக்கு நினைவில் இல்லை. ரப்பர் வளையல் போட்ட கை மட்டும் நினைவிருக்கிறது. யாருக்காவது வயிறு சரியில்லை என்று உள்ளே சொன்னால், கேட்காமலேயே சோற்றுக்குப் பதில் கஞ்சியும் பருப்புத் துவையலும் ஓட்டை வழியாக வரும். அதற்கு நோட்டில் கணக்கு எழுதக்கூடாது என்பது அவளுடைய சட்டம்.

ஒருமுறை மில்லில் வேலைநிறுத்தம் நீண்டுகொண்டே போனது. பையன்கள் முதலில் "அடுத்த மாசம் சேத்துக் குடுத்துருவோம்ணே" என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக ஊருக்குப் பஸ் ஏறினார்கள். நோட்டு மட்டும் மெஸ்ஸில் தங்கியது. அரிசிக்கடைக்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டார். அக்காவின் கம்மல் போனது, பிறகு சங்கிலி போனது. ஒரு நாள் விடிகாலையில் அவர்கள் வண்டி பிடித்து எங்கேயோ போய்விட்டார்கள். அப்பா கொடுக்க வேண்டிய பாக்கி ஒன்று இருந்ததாக அம்மா சொல்வாள். அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியாமலேயே அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

பொன்மேனிக் குடும்பத்தின் கதை வேறு. 2020 ஜூன் கடைசியில் கொரோனாவுக்காக மதுரையிலும் முழு ஊரடங்கு போட்டார்களே, அப்போது மகனுக்கு வேலை போயிருக்கிறது. முகக்கவசம்போலப் பரோட்டா சுட்டு ஊர் பெயரை உலகத்துக்குச் சொன்ன நாள்களும் அவைதான். சிரிக்காமல் பிழைக்க இந்த ஊருக்குத் தெரியாது. தெருவில் தகரம் வைத்து அடைத்த வீடுகளுக்கு இந்த மருமகள் மிளகு ரசமும் கஞ்சியும் வைத்து அனுப்பத் தொடங்கினாள். வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று கூப்பிட வேண்டும். முதல் பத்து நாள் காசு வாங்கவில்லை. பிறகு தகரம் அடைத்த வீட்டுக்காரரே, "இப்படிக் குடுத்தா நீங்க எப்படிப் பொழைப்பீங்க?" என்று கணக்குப் போட்டுப் பணம் அனுப்பினாராம். அதன்பிறகு வீட்டிலிருந்தே கேரியர் சாப்பாடு. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்கிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய அப்போது ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். வீட்டு சிலிண்டரை விட்டுவிட்டு 19 கிலோ வணிக சிலிண்டருக்கு மாறிய நாளில்தான் தனக்குப் பயம் வந்தது என்றாள். "அதுவரைக்கும் சமையல்மா. சிலிண்டர் மாறினதும் தொழில்."

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாவில் இருந்த சின்னப் பெட்டி, இவ்வளவு ரூபாய் வந்தது என்று சத்தமாகச் சொன்னது. பணம் விழுகிற கணக்கு அவள் பெயரில். மாமியாருக்கு மாசம் சம்பளம் உண்டாம். கிழவி அதைத் தபால் ஆபீஸில் போடுகிறாள். சுவர் ஓட்டைக்குப் பின்னால் இருந்த அந்த அக்காவை நான் அப்போதுதான் நினைத்தேன். வீட்டுச் சாறு கடைக்கு வந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள், அந்தச் சாற்றை வீட்டில் வைத்தவளுக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒருமுறை யோசிக்கலாம். என் அம்மா ஏ.வி. பாலத்தை நடந்தே கடந்ததற்கு எங்களில் ஒருவரும் நன்றி சொன்னதில்லை.

இன்னொரு நாள் போனபோது ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பையன் வந்தான். "பாட்டி, நெஞ்செலும்பு சூப் ரெண்டு பார்சல். வீட்ல கொழந்தை பொறந்திருக்கு."

"என்ன கொழந்தை?"

"பொண்ணு."

"மகராசியா இருக்கட்டும். எப்பப் பொறந்துச்சு?"

"முந்தாநாள்."

"சுகப்பிரசவமா, கத்தி வச்சாங்களா?"

"ஆபரேஷன் பாட்டி."

"கூட யாரு இருக்கா? அவ ஆத்தா வந்துட்டாளா?"

பையன் தலையைக் குனிந்தான். மாமியார் இல்லையாம். அவனுடைய அம்மாவுக்கு முட்டிவலி, ஊரில் இருக்கிறாள். கிழவி உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்தாள்.

"டாக்டரு என்ன குடுக்கச் சொன்னாருன்னு கேட்டியா? கேக்கலையில்ல. எலும்பு எங்கிட்டும் ஓடிறாது. இப்ப பூண்டு போட்ட கஞ்சி தாரேன், இட்லி தாரேன். கேட்டுட்டு வா, பொறவு சூப்பு, பூண்டுக் குழம்பு, சொறாப்புட்டு எல்லாம் நானே நாள் பாத்து அனுப்புறேன்."

"அத்தை இப்படித்தான்மா, வர்ற யாவாரத்தைத் திருப்பி அனுப்புவாங்க" என்றாள் மருமகள் என்னிடம். சொல்லிக்கொண்டே கஞ்சிக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டாள். பையன் கிளம்பிய பிறகு கிழவி மகனைக் கூப்பிட்டு, கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் கண்டதிப்பிலியும் வாங்கி வரச் சொல்லி, "நாளைக்கே வேணும்" என்றாள்.

வளவு இடித்து அடுக்குமாடி கட்டியாகிவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு எட்டு வீட்டிலிருந்தும் கிண்ணம் வருகிற காலத்தை நான் திரும்ப வரச் சொல்லப் போவதில்லை. அந்தக் கிண்ணங்களோடு கூடவே எட்டு வீட்டு வாயும் வரும். எனக்கு அது நன்றாகவே தெரியும். இப்போது அந்தப் போர்டிகோவில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற கிழவர்களைப் பார்க்கிறேன். விடுதியில் தங்கி வேலைக்குப் போகிற பெண்கள் வருகிறார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொள்ளு ரசம் கேட்கிறார்கள். "யாருக்குக் காய்ச்சல்?" என்று இங்கே கடைக்காரர்களும் கேட்கிறார்கள். காசு கொடுத்து வாங்குகிற இடத்தில் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீட்டுக்கடை திறந்திருக்கலாம். போங்கள். 2019 தொடக்கத்திலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை இருக்கிறது. சூப்பைப் பையில் கட்டி ரப்பர் போடச் சொல்லாமல் வீட்டிலிருந்து தூக்குவாளி எடுத்துக்கொண்டு போங்கள். நார் இருந்தால் நார் இருக்கிறது என்று சொல்லுங்கள், அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். தெரிந்தவர்கள்தானே என்று விலையில் பேரம் பேசாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தயவுசெய்து கடன் சொல்லாதீர்கள். டம்ளரைக் கீழே வைக்கும்போதே காசைக் கொடுத்துவிடுங்கள்.